கிலோமீட்டர் சொல்லாத கணக்கு: வடசென்னையில் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றுவது?

துறைமுகத்தில் கன்டெய்னரைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டேக்கர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாரும் கேட்பதில்லை. அதன் இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரைப் பார்த்துத்தான் ஆயில் மாற்றுகிறார்கள், ஃபில்டர் மாற்றுகிறார்கள். ஜெனரேட்டருக்கும் அதே கணக்குதான். காசிமேட்டு விசைப்படகிலும் கிலோமீட்டர் பேச்சு கிடையாது. ஆனால் அதே யார்டில் ஷிஃப்ட் முடித்து வெளியே வருபவர் தன் டீசல் காரைப் பற்றிப் பேசும்போது மட்டும் எல்லாமே கிலோமீட்டராகிவிடுகிறது. "வண்டி வாங்கி ஒன்பது வருஷம் ஆச்சு, ஆனா அறுபதாயிரம்தான் ஓடியிருக்கு. டைமிங் பெல்ட்டுக்கு இன்னும் காலம் இருக்கு." ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இந்தப் பேச்சைக் கேட்கலாம். இதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்ப்போம்.

முதலில் பெல்ட் செய்யும் வேலை. பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். ஒரு பல்கூட விலகாமல் இந்த இரண்டையும் கட்டிவைப்பதுதான் டைமிங் பெல்ட். பல டீசல் கார்களில் உயர் அழுத்த டீசல் பம்பையும், சிலவற்றில் வாட்டர் பம்பையும் அதே பெல்ட்டே சுற்றுகிறது. டீசல் இன்ஜினில் காற்று பெரும்பாலும் பதினைந்து மடங்குக்கு மேல் அழுத்தப்படுகிறது. அதனால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது வால்வுக்கும் அதற்கும் நடுவில் இடமே இருக்காது. ஓடும்போது பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும், கிராங்க் நிற்காது. திறந்தபடி நிற்கும் வால்வைப் பிஸ்டன் போய் முட்டும். "டைமிங் அடிச்சிருச்சு" என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். வால்வுகள் மடங்கும், ராக்கர்கள் உடையும், சில சமயம் கேம் ஷாஃப்ட்டும் போகும், பிஸ்டன் தலையில் வடு விழும். ஹெட்டை இறக்காமல் இதைச் சரிசெய்ய வழியில்லை. சில ஆயிரங்களில் முடிந்திருக்க வேண்டிய வேலை அதைப்போலப் பல மடங்கு செலவில் போய் நிற்கும். பழைய காராக இருந்தால் பழுதுச் செலவு காரின் விலையையே நெருங்கிவிடும்.

இத்தனை ஆபத்து இருந்தும் பெல்ட்டை ஏன் வைத்தார்கள்? சத்தம் குறைவு, எடை குறைவு, விலை குறைவு. 1962-ல் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் தன் 1004 காரில் பல் வைத்த ரப்பர் பெல்ட்டைப் போட்டதுதான் விற்பனைக்கு வந்த கார்களில் முதல் முயற்சி. அதற்கு முன் செயின் அல்லது கியர். பெரிய லாரி இன்ஜின்களில் இன்றும் பெரும்பாலும் கியர்தான். வடசென்னையில் இந்த விஷயம் முக்கியம். எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆனதிலிருந்து, இந்தப் பகுதியின் பட்டறைத் தொழில் லாரியையும் பஸ்ஸையும் சுற்றியே வளர்ந்தது. லாரி இன்ஜினில் கைவைத்துப் பழகியவருக்கு டைமிங் என்பது இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கும்போது ஒருமுறை செட் செய்துவிட்டு மறந்துவிடுகிற சங்கதி. நாள் குறித்து அதைத் தூக்கிப்போட வேண்டும் என்ற எண்ணமே அந்தத் தொழிலில் இல்லை. கார் பட்டறைகளுக்கும் அந்தப் பழக்கம் தொற்றியிருக்கிறது என்பது என் கணிப்பு.

எல்லா டீசல் காரிலும் பெல்ட் இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமலே கவலைப்படுகிறவர்களும் உண்டு, கவலைப்பட வேண்டியிருந்தும் நிம்மதியாகச் சுற்றுகிறவர்களும் உண்டு. மாருதி ஸ்விஃப்ட், டிசையரில் வந்த 1.3 லிட்டர் ஃபியட் இன்ஜினில் செயின். ஹூண்டாய் வெர்னா, கிரெட்டாவின் 1.6 சி.ஆர்.டி.ஐ.யில் செயின். மஹிந்திரா ஸ்கார்ப்பியோவின் எம்-ஹாக்கிலும் செயின். மறுபக்கம், ஒரகடம் ஆலையிலிருந்து வந்த ரெனால்ட் டஸ்டர், நிஸ்ஸான் டெரானோ, சன்னி ஆகியவற்றின் 1.5 டி.சி.ஐ.யில் பெல்ட். மறைமலைநகரில் செய்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டிலும் குஜராத்தில் செய்த ஃபிகோவிலும் வந்த 1.5 டி.டி.சி.ஐ.யில் பெல்ட். திருவள்ளூர் ஆலையில் உருவான மிட்சுபிஷி லான்சர் டீசலிலும் பஜேரோ ஸ்போர்ட் 2.5-லும் பெல்ட். ஃபோக்ஸ்வேகன் போலோ டீசல், டாடா இண்டிகா டீசல், ஜீப் காம்பஸ் 2.0 டீசல் எல்லாம் பெல்ட். டாக்ஸிக்காரர்களின் செல்லமான டொயோட்டா இன்னோவாவில், 2005 முதல் ஓடிய 2.5 இன்ஜினுக்குப் பெல்ட், 2016-ல் வந்த கிரிஸ்டாவின் 2.4-க்குச் செயின். செயினுக்கும் சாவு உண்டு. ஆயிலைக் காலத்தில் மாற்றாவிட்டால் அது நீண்டுபோய், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கடகடக்கும். ஆனால் அது முன்கூட்டிக் குரல் கொடுக்கும். பெல்ட் கொடுக்காது.

இந்தப் பட்டியலில் உள்ள கார்களில் பல இன்று புதிதாகக் கிடைப்பதில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதி வந்தபோது சின்ன டீசல் கார்கள் பெரும்பாலும் சந்தையை விட்டுப் போயின. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஆகவே பெல்ட் வைத்த டீசல் கார் என்றால் இன்று பெரும்பாலும் வயதான கார்தான். டெல்லியில் கொண்டுவந்ததைப் போன்ற பத்து வருட வரம்பு தமிழ்நாட்டில் டீசல் காருக்கு இல்லாததால் அது இங்கே ஓடிக்கொண்டேயிருக்கும். இந்தக் கேள்வி இப்போது சூடாவதற்குக் காரணம் இந்த வயதுதான்.

காருடன் வரும் கையேடு இரண்டு வரம்புகள் சொல்லும்: இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம், எது முதலில் வருகிறதோ அது. இன்ஜினுக்கு இன்ஜின் எண் மாறும். உங்கள் காருக்கானதை உங்கள் கையேட்டில்தான் பார்க்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் எண்ணில் அல்ல. பல கையேடுகளில் இன்னொரு பகுதியும் இருக்கும். தூசி, அடிக்கடி நின்று போகும் ஓட்டம், நீண்ட நேர ஐடிலிங், குறுகிய தூரப் பயணம் என்று கடுமையான சூழல்களைச் சொல்லி, அங்கே இடைவெளியைக் குறைக்கச் சொல்வார்கள். நம்மவர்கள் அந்தப் பக்கத்தைத் திருப்புவதே இல்லை. திருவொற்றியூர், மணலி, எண்ணூர் சாலைகளுக்கு அந்தப் பக்கத்தில் உள்ள அத்தனை வரிகளும் பொருந்தும்.

எவ்வளவு பொருந்தும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் டீசல் காரின் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்று சுற்றும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 1,20,000 சுற்று, அதாவது கிலோமீட்டருக்கு 1,500 சுற்று. இப்போது அதே கார் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் ஏ.சி. போட்டு நிற்கிறது. ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் மணிக்கு 48,000. மீட்டரில் ஒரு எண்கூட நகரவில்லை, ஆனால் பெல்ட் 32 கிலோமீட்டர் நெடுஞ்சாலை ஓட்டத்துக்குச் சமமான சுற்றுகளை முடித்துவிட்டது. நிற்காமல் ஊர்ந்தாலும் அதே கதைதான். சராசரி வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர், இன்ஜின் 1,300 சுற்று என்றால் கிலோமீட்டருக்கு 5,200 சுற்று. நெடுஞ்சாலையைப் போல மூன்றரை மடங்கு. அப்படியே அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய காரின் பெல்ட், சுற்றுக் கணக்கில் இரண்டு லட்சம் கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடிய காரின் பெல்ட்டுக்குச் சமம். மணிக்கணக்கில் சொன்னால் அந்த இன்ஜின் 4,000 மணி நேரம் ஓடியிருக்கிறது.

இந்தக் கணக்கை அப்படியே வேதவாக்காக எடுக்கவும் கூடாது. ஐடிலிங்கில் டீசல் பம்பு கொடுக்கும் அழுத்தம் குறைவு, பெல்ட்டின் மேல் விழும் இழுவையும் குறைவு. ஒரு சுற்று இன்னொரு சுற்றுக்குச் சமம் அல்ல. கையேட்டை எழுதுகிறவர்களும் கார் நெடுஞ்சாலையில் மட்டுமே ஓடும் என்று நினைத்து எழுதுவதில்லை, நகர ஓட்டத்தையும் சேர்த்தே எண்ணியிருப்பார்கள். ஆனால் வெப்பம் இழுவையைப் பார்ப்பதில்லை. நிற்கும் காரில் எதிர்க்காற்று இல்லை. சித்திரை வெயிலில் பானட்டுக்கு உள்ளே தேங்கும் சூடு நேராக ரப்பரின் மேல் வேலை செய்கிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ரப்பர் முதுமையடையும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது ரப்பர் தொழிலில் பழகிய பொதுக்கணக்கு. எம்.ஆர்.எஃப். 1946-ல் பலூன் செய்யத் தொடங்கிய திருவொற்றியூரில், ரப்பருக்கு வயது உண்டு என்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மூன்றரை மடங்கு என்பதை நான் இரண்டு மடங்காகக் குறைத்துக்கொள்வேன். அதற்குக் கீழே இறங்க மாட்டேன்.

உங்கள் காருக்கு இதை நீங்களே பார்க்கலாம். மீட்டர் பலகையில் சராசரி வேகம் காட்டும் வசதி இருந்தால் ஒரு மாதம் அதை அழிக்காமல் ஓட விடுங்கள். ஓடிய தூரத்தை அந்த வேகத்தால் வகுத்தால் இன்ஜின் ஓடிய மணி நேரம் கிடைக்கும். சராசரி 20-க்குக் கீழே இருந்தால் உங்கள் காருக்குக் கிலோமீட்டர் வரம்பு பொய் சொல்கிறது.

அடுத்து வருடம். பழைய பெல்ட்டுகள் நியோப்ரீன் ரப்பரில் வந்தன. வயதானால் முதுகில் குறுக்காக வெடிப்பு விழும், பார்த்ததும் தெரியும். இன்றைய பெல்ட்டுகள் எச்.என்.பி.ஆர். என்னும் உறுதியான ரப்பரில், உள்ளே கண்ணாடி இழைக் கயிறுகளோடு வருகின்றன. சூட்டையும் ஓசோனையும் நன்றாகத் தாங்கும். அதனாலேயே வெளியே அழகாக இருந்துகொண்டு உள்ளே கயிறு நைந்துபோகவும் முடியும். "கவரைக் கழட்டிப் பாத்துட்டேன், பெல்ட் சூப்பரா இருக்கு" என்று மெக்கானிக் சொன்னால், அவர் பார்த்தது மேல் கவருக்குள் தெரியும் ஒரு சாண் நீளத்தின் முதுகை மட்டும்தான். பற்களின் அடிவாரம் தெரியாது, கயிறு தெரியாது, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங் தெரியாது. கண்ணால் பார்த்து 'மாற்ற வேண்டும்' என்று முடிவு செய்யலாம். ஓரம் பிசிறியிருந்தால், பல் போயிருந்தால், முதுகு கண்ணாடி போலப் பளபளத்தால், எண்ணெய் ஈரம் இருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டியதுதான். கண்ணால் பார்த்து 'மாற்ற வேண்டாம்' என்று முடிவு செய்ய முடியாது.

எண்ணெய் தனி விஷயம். கேம் சீல், கிராங்க் சீல் வழியாகக் கசியும் ஆயிலோ டீசலோ பெல்ட்டில் பட்டால் ரப்பர் ஊறி மெத்தென்று ஆகும், பற்கள் கிழியும். வயதும் கிலோமீட்டரும் அங்கே செல்லாது. வடசென்னைக்கு இதில் தனிக் கதையே உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து வந்து, எர்ணாவூர் வீட்டுச் சுவர்களிலும் எண்ணூர்க் கழிமுகத்துப் படகுகளிலும் கறுப்பாய் ஒட்டிக்கொண்டது. கிராங்க் புல்லி காரின் அடிப்பக்கத்தில் இருப்பது. அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கவர் தூசியைத் தடுக்கத்தான், வெள்ளத்தை அல்ல. முழங்கால் தண்ணீரில் நின்ற காரில் சேறும் எண்ணெயும் கவருக்குள் புகுந்திருக்கும், பேரிங் கிரீஸைத் தண்ணீர் கழுவியிருக்கும். வெள்ளத்துக்குப் பின் பல கார்களுக்கு ஆயிலும் ஃபில்டரும் சீட்டும் மாற்றினார்கள். டைமிங் கவரைத் திறந்து பார்க்கச் சொன்னவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்த நாட்களில் உங்கள் கார் தெருவில் நின்றிருந்தால், அதற்குப் பிறகு பெல்ட் மாற்றவில்லை என்றால், கிலோமீட்டர் எதுவாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

தூசியைப் பற்றியும் கேட்பார்கள். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011 அக்டோபரில் நின்று எண்ணூருக்குப் போனது. ராயபுரத்துக்குக் கொஞ்சம் மூச்சு கிடைத்தது, எண்ணூர்க்காரருக்கு அனல்மின் நிலையச் சாம்பலோடு அதுவும் சேர்ந்தது. சாம்பல் நுண்ணிய உப்புத்தாள் போலத் தேய்க்கும் என்பது உண்மைதான். ஆனால் கவர் உடையாமல், கிளிப் போகாமல் இருந்தால் அது பெரிய எதிரி அல்ல. சாம்பலையும் உப்புக்காற்றையும் விட, பட்டறையில் ஒரு ஸ்குரூ குறைவாக மாட்டிய கவர்தான் எனக்குப் பயம்.

டாக்ஸி உரிமையாளர்களிடம் வேறொரு வாதம் உண்டு: ஓடுகிற வரை ஓடட்டும். இன்னோவாவின் மீட்டர் பலகையில் டி-பெல்ட் என்றே ஒரு விளக்கு இருக்கிறது, எரிந்தால் மாற்றுகிறோம் என்பார்கள். அந்த விளக்குக்குப் பெல்ட்டின் நிலைமை எதுவும் தெரியாது. குறிப்பிட்ட தூரம் ஓடியதும் எரியும், அவ்வளவுதான். பெல்ட்டைத் தொடாமலே அதை ரீசெட் செய்து அணைக்கவும் முடியும். ஆனாலும் விமான நிலையத்துக்கும் திருப்பதிக்கும் நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடும் டி-போர்டு வண்டிக்குக் கிலோமீட்டர் வரம்பு ஓரளவு நியாயமானதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதே இன்னோவா ஏழெட்டு வருடம் கழித்து ஓன் போர்டாகி, கல்மண்டபம் சந்தில் வாரம் ஒருமுறை ஓடும்போதுதான் கணக்கு தலைகீழாகிறது.

செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் நிலை இதைவிட மோசம். மீட்டரைத் திருப்புவது இந்தத் தொழிலில் ஊரறிந்த ரகசியம். டெல்லியின் பத்து வருட விதிக்குப் பயந்து தெற்கே விற்கப்பட்ட டீசல் கார்களும் சந்தையில் உண்டு. "பெல்ட் மாத்தியாச்சு சார்" என்ற வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. பில் இருந்தால் மாற்றியது, பில் இல்லையென்றால் மாற்றவில்லை. வாங்கும் விலையில் பெல்ட் வேலைக்கான பணத்தைக் கழித்துப் பேசுங்கள். விற்பவர் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

மாற்றுவது என்று முடிவானபின் பெல்ட்டை மட்டும் மாற்றுவது அரைவேலை. டென்ஷனர், ஐட்லர், பெல்ட்டே சுற்றும் வாட்டர் பம்பு மூன்றும் சேர்ந்து போக வேண்டும். பேரிங் இறுகிப்போனால் புதுப் பெல்ட்டும் அறுந்துவிடும், வாட்டர் பம்பு கசிந்தால் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ரெனால்ட் 1.5-ல் இன்னொன்றையும் கவனியுங்கள். வெளியே ஏ.சி.யையும் ஆல்டர்னேட்டரையும் சுற்றும் ஃபேன் பெல்ட் கிழிந்தால், அதன் நார் கிராங்க் புல்லியைச் சுற்றிக்கொண்டு டைமிங் கவருக்குள் நுழைந்துவிடுவது உண்டு. அதையும் சேர்த்து மாற்றுங்கள்.  கிராங்க்கையும் கேமையும் அசையாமல் பூட்டும் பின்களைப் போடாமல், வெள்ளை மார்க்கரில் கோடு போட்டு மாட்டுகிறவரிடம் அந்த வண்டியைக் கொடுக்காதீர்கள். மாட்டி முடித்ததும் ஸ்பேனரால் கிராங்க்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, பின்கள் மறுபடி சரியாக உட்காருகின்றனவா என்று பார்த்த பிறகே சாவியைப் போட வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய ஒரே கட்டம் இதுதான்.

உதிரிபாகம் வாங்கப் பழைய சாமான் சந்தையான புதுப்பேட்டைக்குப் போகும் பழக்கம் நமக்கு உண்டு. கதவும் லைட்டும் கியர் பாக்ஸும் அங்கே வாங்கலாம், டைமிங் பெல்ட் வாங்கக் கூடாது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் புதிதாக வாங்கினாலும் பெட்டியையும் பெல்ட்டில் அச்சிட்ட எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆணியில் மடித்துத் தொங்கவிட்ட பெல்ட், ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிச் சுருட்டிய பெல்ட் இரண்டும் வேண்டாம். மடித்த இடத்தில் கண்ணாடி இழை முறிந்திருக்கும், வெளியே ஒரு சுருக்கம்கூடத் தெரியாது.

சீக்கிரம் மாற்றுவதிலும் எல்லை வேண்டும். மூன்று வருடம், முப்பதாயிரம் கிலோமீட்டரில் மாற்றச் சொல்கிற பட்டறை தன் வருமானத்தைப் பார்க்கிறது. நன்றாக ஓடும் இன்ஜினை ஒவ்வொரு முறை திறப்பதும் தவறுக்கு ஒரு வாய்ப்பு.

என் தீர்ப்பு இது. தடா, நெல்லூர் என்று நெடுஞ்சாலையிலேயே ஓடும் காருக்குக் கையேட்டு எண் போதும். ராயபுரம், திருவொற்றியூர், மணலி, எண்ணூருக்குள்ளேயே ஊர்ந்து திரியும் காருக்குக் கையேடு சொல்லும் கிலோமீட்டரில் பாதி, வயதில் ஏழு வருடம் (கையேடு அதைவிடக் குறைவாகச் சொன்னால் அது), இரண்டில் எது முந்துகிறதோ அது. எண்ணெய் பட்டது, வெள்ளத்தில் நின்றது, முந்தைய கணக்கு தெரியாதது என்றால் இந்த மாதமே. மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி டைமிங் கவரின் மேலேயே ஒட்டுங்கள், பில்லை ஆர்.சி.யோடு வையுங்கள். நாளைக்குக் காரை விற்கும்போது அந்தப் பில்லையும் சேர்த்துக் கொடுங்கள்.